அம்மாவின் பானையும் ஹங்கேரி மேடத்தின் பெயரும்

குவார்ட்டர்ஸ் பிள்ளைகளே, நம் வாட்ஸப் குழுவில் போன வாரம் அந்தப் பழைய பொங்கல் போட்டோவைப் போட்ட புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியும். போட்ட ஐந்து நிமிடத்தில் நாற்பது இதயங்கள் விழுந்தன. ‘அப்பல்லாம் சாதியாவது மண்ணாவது, எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தோம்’ என்று அவரே எழுத, மிச்சப் பேர் ‘ஆமாம் ஆமாம்’ என்று தலையாட்டினீர்கள். டிசம்பரில் கல்கத்தாவில் எல்லோரும் கூடப்போகிறோம், அதற்கு ஒரு மலர் போடுகிறோம், ஆளுக்கு இரண்டு பக்கம் பழைய நினைவு எழுதி அனுப்புங்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். இதோ எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. நல்ல காரியத்தில் இவள் எதற்கு இதை இழுக்கிறாள் என்று சிலர் முனகுவீர்கள். முனகுங்கள்.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். நமக்கெல்லாம் வெள்ளெழுத்து வந்துவிட்டது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பாருங்கள். சி பிளாக் மொட்டை மாடி. மூன்று செங்கல் வைத்த அடுப்பு. நடுவில் அரக்குப் பட்டுப்புடவையில் ஹங்கேரி மேடம், கையில் கரண்டி. சுற்றி ஏழு மாமிகள். முன்னால் குரங்குத் தொப்பியும் ஸ்வெட்டருமாக நீங்கள். நம் குவார்ட்டர்ஸில் இருந்தது எட்டுத் தமிழ்க் குடும்பங்கள். எட்டாவது வீட்டு மாமி எங்கே என்று அந்த நாற்பது பேரில் ஒருத்தருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அடுப்பில் பொங்குகிறதே வெண்கலப் பானை, அது அந்த எட்டாவது வீட்டுப் பானை. என் அம்மாவின் பானை.

அம்மா அப்போது எங்கே இருந்தாள் என்று சொல்கிறேன். அதற்கு முன் என் அப்பாவின் மீன் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

அப்பாவுக்குச் சின்ன வயதில் கெளுத்தி முள் தொண்டையில் சிக்கி இரண்டு நாள் உயிரை வாங்கியிருக்கிறது. அதிலிருந்து மீன் வாசனை பட்டாலே வயிற்றைப் புரட்டும். அப்படிப்பட்ட மனிதரைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அலிப்பூரில் அலுவலகம், டாலிகஞ்சில் வீடு, நடுவில் எங்கே திரும்பினாலும் மீன். மார்க்கெட்டைக் கடக்கும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார். வந்த புதிதில் ஒரு வங்காளிக் கல்யாணத்தில், மரியாதை செய்வதாக நினைத்து, இவர் தட்டில் பெரிய மீன் தலையாக ஒன்றை வைத்திருக்கிறார்கள். அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நம் தமிழ்ப் பெண்கள் சங்கத்துச் செயலாளர் மாமியின் வீட்டுக்காரர். அவர் அன்று சாயங்காலமே மாமியிடம் போய், “மீனைக் கையால கூடத் தொடலை. திண்டுக்கல் பக்கம்ங்கறார், நெத்தியில விபூதி. சைவப் பிள்ளைமார்தான், சந்தேகமே வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து அப்பா ‘பிள்ளை சார்’ ஆனார்.

ஆட்டுக்கறி என்றால் அப்பாவுக்கு உயிர். அலுவலகத்துப் பக்கம் ஒரு கடையில் வாரம் ஒருமுறை சாப்பிடுவார். அதைப் பார்த்தவர் யாருமில்லை. மீன் முள் ஒன்று எங்களுக்குச் சாதி வாங்கிக் கொடுத்துவிட்டது.

அப்பா ஆமாம் என்று சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. யாரும் நேராகக் கேட்கவில்லையே. வங்காளிகள் நேராகக் கேட்பார்கள். “தோமார் டைட்டில் கீ?” என்பார்கள், குடும்பப் பெயரைத்தான் அங்கே டைட்டில் என்பது. சொன்னதும் ஆளை எடைபோட்டு முடித்துவிடுவார்கள். நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். எந்த ஊர், எந்தத் தெரு, குலசாமி எது, அமாவாசைக்கு என்ன சமைப்பீர்கள் என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். எங்கள் விஷயத்தில் மீன் அந்த வேலையை மிச்சப்படுத்திவிட்டது.

பள்ளியில் டைட்டில் இல்லாமல் பெயர் எழுத மாட்டோம் என்றபோது அப்பா தன் அப்பாவின் பெயரை என் பெயருக்குப் பின்னால் போட்டார். வால் இல்லாத வெறும் பெயர். என் வகுப்பில் அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாமல் டீச்சரே குழம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷனில் ஏதாவது ஒரு மொழிப் படம் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? என்றைக்காவது தமிழ்ப் படம் வந்துவிட்டால் மற்ற ஏழு வீடும் டிவி முன்னால் கிடக்கும். அன்றைக்குத்தான் அப்பா உள்ளறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருவார். பெட்டியின் அடியில், சட்டைகளுக்குக் கீழே, பழைய மஞ்சள் பையில் தாத்தாவின் குத்தூசி இருந்தது. மரக் கைப்பிடி கை பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும். கூட ஒரு மெழுகு உருண்டை. என் பள்ளிக்கூட ஷூ, பை வார், அம்மாவின் செருப்பு எல்லாவற்றையும் அப்பாவே தைத்துவிடுவார். தோலை ஈரத்துணியால் நனைப்பார். நூலை மெழுகில் இழுப்பார், ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். குத்தூசியால் ஓட்டை போட்டு, அதே ஓட்டையில் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு ஊசியை விட்டு இழுப்பார். “ஒரு பக்கம் அந்து போனாலும் மறுபக்கம் பிடிச்சுக்கும், பாப்பா” என்பார். அடைத்த அறையில் தோலும் மெழுகும் வியர்வையும் கலந்த வாசனை இருக்கும். மற்ற அப்பாக்கள் எல்லாம் கேட்டோரம் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் முச்சியிடம் கொடுக்கிறார்கள், நம் அப்பா மட்டும் ஏன் ஒளிந்துகொண்டு தைக்கிறார் என்று நான் கேட்டதில்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு அது ஒரு திருட்டு விளையாட்டு மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

தாத்தா செருப்பும், கிணற்றில் நீர் இறைக்கும் தோல் சாலும் தைத்தவர் என்று எனக்குத் தெரியும். அது சொல்லக் கூடாத விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரியவர்கள் செய்த தப்பு அதுதான். குழந்தைக்கு எதுவும் தெரியாமல் இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த வருஷம் கார்த்திகை மாதம் ஹங்கேரி மேடம் வந்து சேர்ந்தார். ஏதோ நூலகத்தில் பழைய திபெத்திய ஏடுகள் படிக்க வந்தவர், கேட்டுக்கு எதிர்வீட்டு மாடியறையில் குடியிருந்தார். ஐந்தே முக்கால் அடி உயரம், மணல் நிறத்தில் முடி. ஒரு வருஷம் ஊரிலேயே வங்காளம் படித்துவிட்டு வந்ததால் கடைக்காரர்களோடு பேரம் பேசுவார். நம் மாமிகளுக்குத் தலைகால் புரியவில்லை. திங்கள் ஒரு வீட்டில் இட்லி, புதன் ஒரு வீட்டில் அடை. செயலாளர் மாமி தன் வீட்டு வெள்ளி டம்ளரை எடுத்து அவருக்குக் காப்பி கொடுத்தார். மாமியின் சொந்த நாத்தனார் வந்தால்கூட அந்த டம்ளர் அலமாரியை விட்டு இறங்கியதில்லை.

பனிக்குப் போடுகிற கனமான பூட்ஸ் ஒன்று அவரிடம் இருந்தது. கல்கத்தா நடைபாதையில் அது ஒரே மாதத்தில் வாயைப் பிளந்தது. முச்சி பார்த்துவிட்டு, இந்தத் தோலில் என் ஊசி இறங்காது என்று கையை விரித்துவிட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். “நான் தைத்துக்கொண்டு வந்து தருகிறேன்” என்று சொல்லிப் பூட்ஸை வாங்கிக்கொண்டு ஓடினேன். அவருக்கும் எனக்கும் பொது மொழி வங்காளம். நாங்கள் பேசியதைத் தமிழில் தருகிறேன், அதை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்பா பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் முகம் கடுகடுத்தது. பிறகு ஓரத்தில் இருந்த பழைய தையலை விரலால் தடவ ஆரம்பித்துவிட்டார்.

“நல்ல கை. மெஷின் இல்ல, கைத் தையலு” என்றார்.

அந்த ஞாயிறு தமிழ்ப் படம் இல்லை, ஒரிய மொழிப் படமோ என்னவோ. அதையும் பொருட்படுத்தாமல் ஜன்னலைச் சாத்தினார். தைத்து முடித்துக் கையில் கொடுக்கும்போது, “நான் தெச்சேன்னு சொல்லாத பாப்பா. வேற ஒரு முச்சி தெச்சான்னு சொல்லு” என்றார். நான் தலையாட்டினேன். நான் அப்பாவுக்குச் செய்துகொடுத்த ஒரே சத்தியம் அது.

மேடம் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “யார் தைத்தது?” என்று கேட்டார். “வேற முச்சி” என்றேன். “எங்கே இருக்கிறார்? நான் போய்க் கும்பிட வேண்டும்” என்று சிரித்தார். நான் ஓடி வந்துவிட்டேன். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில் செயலாளர் மாமி வீட்டில் எல்லா மாமிகளும் கூடினார்கள். யார் என்ன கொண்டுவருவது என்று பேசத்தான். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் பானை எங்களுடையது, கிண்டுவது அம்மா. அவ்வளவு பெரிய வெண்கலப் பானை வேறு யார் வீட்டிலும் இல்லை. அம்மா கல்யாணமாகி வந்தபோது தாத்தா வாங்கித் தந்தது. பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவர் யார் பெயரைப் போட என்று கேட்டிருக்கிறார். ஊரில் தாத்தாவை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. பாதிப் பெயர், அல்லது ‘டேய்’. அவர் தன் முழுப் பெயரையும் பானையின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டச் சொல்லியிருக்கிறார்.

சர்க்கரைப் பொங்கலில் வெல்லத்துக்குப் பதில் குளிர்காலத்துப் பேரீச்சை வெல்லம், அந்த ஊர் நோலேன் குர், போடலாம் என்று கண்டுபிடித்ததும் அம்மாதான். கோபிந்தோபோக் அரிசி வேகும்போது அந்த வெல்லத்தைப் போட்டால் புகையும் பூவும் கலந்த ஒரு வாசனை மூன்றாவது மாடி வரைக்கும் இறங்கும். வங்காளி அண்டை வீட்டார்கூடக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடியேறி வருவார்கள். இந்த வாசனையைப் பற்றியும் குழுவில் ஒருத்தர் உருகி எழுதியிருந்தீர்கள். அது யார் மூளையில் உதித்தது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வருஷம் பானையைச் செயலாளர் மாமி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டார். “உங்களுக்கு ஏன் சிரமம், என் வேலைக்காரியை விட்டுத் தேய்க்கச் சொல்றேன்” என்று அன்பாகத்தான் வாங்கினார். கூட்டத்தன்று அது ஹாலிலேயே ஒரு மூலையில் இருந்தது. அம்மா மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மறுநாள் சமையலுக்காக மாமிக்குப் பட்டாணி உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹங்கேரி மேடம் நாற்காலியில், வெள்ளி டம்ளரோடு.

பேச்சு பெயர்கள் பக்கம் போயிற்று. மேடம் தன் ஊரில் குடும்பப் பெயரைத்தான் முதலில் சொல்வது, சொந்தப் பெயர் அதற்குப் பின்னால்தான், உங்கள் இனிஷியல் மாதிரி என்றார். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

“உங்க குடும்பப் பேர் என்ன?” என்று செயலாளர் மாமி கேட்டார்.

“வர்கா.”

“அதுக்கு அர்த்தம் உண்டா?”

மேடம் காலைத் தூக்கித் தன் பூட்ஸைக் காட்டினார். வர்கா என்பது பழைய சொல், தோலைத் தைத்துச் செருப்பு செய்கிறவர் என்று அர்த்தம் என்றார். ‘வர்ர்’ என்றால் தைப்பது, அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். இப்போது கடையில் செருப்புத் தைப்பவருக்கு வேறு சொல் வந்துவிட்டது, ஆனால் எந்தக் காலத்திலோ ஒரு பாட்டன் தைத்ததால் பெயர் மட்டும் தங்கிவிட்டது, எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வர்கா, என் அப்பா பல் டாக்டர் என்று சொல்லிச் சிரித்தார்.

மாமிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு செயலாளர் மாமி, “அந்தப் பேரால உங்களுக்குத் தொந்தரவு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டார்.

“என்ன தொந்தரவு?” என்றார் மேடம். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

“நத்திங், நத்திங்” என்று மாமி கையை ஆட்டினார். “பாத்தேளா, அவா நாட்டுல தொழிலுக்கு எவ்வளவு மரியாதை! டிக்னிட்டி ஆஃப் லேபர்னா இதுதான். நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் எப்ப வரப்போறதோ!” மற்ற மாமிகளும் ஆமோதித்தார்கள். மாமி எழுந்துபோய் வெள்ளி டம்ளரில் இரண்டாவது முறை காப்பி ஊற்றினார்.

பத்து வயதுப் பெண்ணான நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்புத் தைத்தவர் பேத்திக்கு வெள்ளி டம்ளர், பாராட்டு, இரண்டாவது காப்பி. நான் என்ன நினைத்திருப்பேன், சொல்லுங்கள்? எழுந்து நின்று கத்தினேன்.

“எங்க தாத்தாவும் வர்காதான்! அந்த பூட்ஸ தெச்சது எங்கப்பா! எங்க வீட்டுல குத்தூசி இருக்கு!”

தமிழில் ஒருமுறை, மேடத்துக்காக வங்காளத்தில் ஒருமுறை.

மேடம் துள்ளி எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். “அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள்!” என்றார். அந்த ஹாலில் சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள் இருவர் மட்டும். அம்மாவின் கை பட்டாணித் தோலோடு அப்படியே நின்றுவிட்டது. செயலாளர் மாமி அம்மாவை ஒருமுறை பார்த்தார், பிறகு அவள் மடியிலிருந்த பட்டாணிக் கிண்ணத்தைப் பார்த்தார். “மணி ஆயிடுத்து, மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் அம்மா திருப்பிச் சொல்லியிருப்பாள், வாய் இல்லாதவள் இல்லை அவள். ஒன்றும் சொல்லாமல் இருந்தார்களே, அதற்கு என்ன பதில் சொல்வது? வாசலில் நாங்கள் செருப்பு மாட்டும்போதே உள்ளே பட்டாணி குப்பைக்கூடையில் விழுகிற சத்தம் கேட்டது. இன்றைக்கும் பட்டாணி உரிக்கும்போது எனக்கு அந்தச் சத்தம் கேட்டு உடம்பு எரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி” என்றாள். அடிக்கவில்லை. அப்பா வந்ததும் அம்மா நடந்ததைச் சொன்னாள். நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒளிந்துகொண்டேன். அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

“அந்தம்மா தையலப் பத்தி என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்.

“கும்பிடணும்னு சொன்னாங்கப்பா.”

அவர் முகம் கழுவப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மூன்றாவது மாடி மாமி வந்தார். உள்ளே வரவில்லை, வாசற்படிக்கு வெளியே நின்றார். “உங்களுக்கு முட்டி வலின்னு சொன்னாங்களே, இந்தத் தடவை நீங்க ரெஸ்ட் எடுங்க. மொட்டை மாடி ஏற வேண்டாம். பொங்கல வீட்டுக்கே அனுப்பிடறோம்” என்றார். அம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. முட்டி வலியாம்.

“சரிங்க. அப்ப என் பானைய அனுப்பிடுங்க” என்றாள் அம்மா.

“சொல்றேன்” என்று அவர் இறங்கிப் போய்விட்டார். பானை வரவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் அம்மா என்னை அனுப்பினாள். செயலாளர் மாமி வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ, “அவங்க பானைல பண்ணலாமா?” என்று கேட்க, மாமி, “வெண்கலத்துக்கு என்ன? புளி போட்டு ரெண்டு தரம் தேய்ச்சாப் போறது” என்றார். நான் படியில் நின்று கேட்டேன். காலிங் பெல்லை அழுத்தாமலே திரும்பிவிட்டேன்.

ஏழு வீட்டில் ஐந்து சாதி இருந்தது. ஒருத்தர் சாம்பாரை ஒருத்தர் குறை சொல்வார்கள், ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேலி செய்வார்கள். சங்கத்துக்குத் தலைவி யார் என்று ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. அத்தனை பேரும் அந்த ஒரு வாரத்தில் எப்படி ஒற்றுமையானார்கள்! நீங்கள் எழுதினீர்களே ‘ஒரே குடும்பம்’ என்று, அது பொய் இல்லை. எங்களை வெளியே வைத்த பிறகு நீங்கள் ஒரே குடும்பம்தான்.

பொங்கலன்று மொட்டை மாடியிலிருந்து ‘பொங்கலோ பொங்கல்’ சத்தம் கேட்டது. அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். நோலேன் குர் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. அப்பா எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார், அம்மா வேண்டாம் என்றாள். கிண்டிய கை யாருடையது என்றுதான் போட்டோவில் பார்க்கிறீர்களே. ஹங்கேரியில் செருப்புத் தைத்தவர் பேத்தி கிண்டலாம். திண்டுக்கல்லில் செருப்புத் தைத்தவர் மருமகள் கிண்டக் கூடாது. தொழிலையே பெயராக வைத்துக்கொண்டு சொல்லிச் சிரித்தவருக்குத் தீட்டு இல்லை. பெயரில் எதுவுமே இல்லாத எங்களுக்கு இருந்தது.

மத்தியானம் மேடம் அதே பட்டுப்புடவையில் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். “ஜுரம் என்றார்கள், இப்போது எப்படி இருக்கிறது?” என்று அம்மாவைக் கேட்டார். முட்டி வலி அதற்குள் ஜுரமாகியிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். “பரவால்லன்னு சொல்லு” என்றாள். நான் அதையே வங்காளத்தில் சொன்னேன்.

மேடம் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் ஊரில் அந்தக் காலத்து வர்காக்களுக்குச் சொந்தச் சங்கமும் சொந்தக் கொடியும் இருந்தன, திருவிழா ஊர்வலத்தில் கொடியோடு போவார்கள் என்று சொன்னார். “கொடியா!” என்று அப்பா சிரித்தேவிட்டார். தன் ஊரிலும் சில பெயர்களைச் சொன்னால் ஆட்களின் முகம் மாறும், ஆனால் வர்காவுக்கு மாறாது என்றும் மேடம் சொன்னார். அவ்வளவு தெரிந்தவர், முந்தின வாரம் அந்த ஹாலில் ஏழு முகம் மாறியதை ஏன் பார்க்கவில்லை? அவர்மேல் எனக்கு அந்தக் கோபம் கொஞ்சம் இன்னும் இருக்கிறது. பட்டுப்புடவையும் வெள்ளி டம்ளரும் கண்ணை மறைக்கும் போலும்.

அவர் போன பிறகு தட்டு மேஜைமேல் இருந்தது. அதை அம்மா தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். அவள் நின்றபடியே கையால் எடுத்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

“ஏம்மா சாப்பிடற?” என்றேன்.

“எம் பானையில பொங்குனது. நான் ஏன் சாப்பிடக் கூடாது?” என்றாள். பிறகு, “அடி பிடிச்சிருக்கு. கிண்டத் தெரியல” என்றாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா குத்தூசியை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். ஜன்னலை விரியத் திறந்துவைத்து, வெளிச்சத்தில் உட்கார்ந்து என் ஷூவைத் தைத்தார். கீழே போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். “இனி எதுக்குச் சாத்தணும்?” என்றார் அம்மாவிடம். அந்த முகத்தில் நான் பார்த்தது வருத்தம் இல்லை. அவ்வளவு நிம்மதியாக அவர் தைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உங்களில் ஒருவர்கூட அதன் பிறகு என்னோடு கோ-கோ ஆட வரவில்லை. ‘எக்ஸாம் வருது’ என்றீர்கள். குழந்தைகளாக இருந்த உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், வீட்டில் சொன்னதைக் கேட்டீர்கள். ஆனால் இன்றைக்கு நமக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. இன்னுமா வீட்டில் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

அப்பா மாற்றல் கேட்டு வாங்கினார். பங்குனியில் கிளம்பினோம். அதற்குள் பானையைக் கேட்டு நான் மூன்று தடவை போனேன். “பாலீஷ் போடக் குடுத்திருக்கேன், வந்ததும் அனுப்பறேன்” என்று கதவுச் சங்கிலியை எடுக்காமலே மாமி சொன்னார். லாரியில் சாமான் ஏறிய அன்று அம்மாவே போனாள். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. பெல்லை நாலு தடவை அழுத்தினாள். கதவு திறக்கவில்லை. மாமி பானையைத் திருடினார் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கொடுக்க அவருக்குத் தைரியம் இல்லை, அதனால் பானை அங்கேயே தங்கிவிட்டது. திருட்டை விட இது என்ன உசத்தி என்று நீங்களே சொல்லுங்கள்.

அன்று கத்தியதற்காக நான் பல வருஷம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பத்தை ஊரை விட்டே கிளப்பியவள் நான்தான் என்று நினைத்தேன். அப்பா சாகும்போதுகூட அதைச் சொல்லி அழுதேன். “போ பாப்பா. நீ கத்தலைன்னா நான் சாகுற வரைக்கும் ஜன்னலச் சாத்திட்டுத் தெச்சிருப்பேன்” என்றார். குத்தூசி இப்போது என்னிடம் இருக்கிறது, மேஜைமேல், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் போட்டோவைப் போட்ட புண்ணியவானே, செயலாளர் மாமியின் மகனே, போன வருஷம் நீ புது ஃபிளாட் கிரகப்பிரவேசப் படங்கள் போட்டாய். வாசலில், ஷூ ராக்குக்குப் பக்கத்தில், ஒரு வெண்கலப் பானையில் மணி பிளாண்ட் வைத்திருக்கிறாய். ‘எங்க அம்மா காலத்து ஆன்டிக்’ என்று எழுதியிருந்தாய். அதன் கழுத்தைத் திருப்பிப் பார். புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். பள்ளியில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பெயருக்குப் பின்னால் தினமும் கேட்டாயே, அதே பெயர்.

டிசம்பரில் அந்தப் பானையைக் கொண்டு வா. நான் வருகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அரிசியும் நோலேன் குரும் நான் வாங்கிவிடுகிறேன். அடுப்பில் ஏற்றுவதற்கு முன் அந்தக் கழுத்திலுள்ள பெயரை நீ எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும், முழுப் பெயரையும். அப்புறம் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை இதயம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை எழுதிவிட்டு நேற்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முட்டி வலி இப்போது நிஜமாகவே வந்துவிட்டது, எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.  முடித்ததும் சொன்னாள்:

“கொண்டுட்டு வரச் சொல்லு. ஆனா அவுக வீட்டுல இருந்த பானை. புளி போட்டு ரெண்டு தரம் தேய்ச்சுக் கொண்டுட்டு வரச் சொல்லு.”